மைக் கைக்கு வந்தால் என்ன பேசுவது? வடசென்னையிலிருந்து சில கேள்விகள்

அரசாங்கத்திடம் நியாயம் கேட்டுப் பேசுவது எப்படி என்று எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை நம்ம மக்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கூட்டங்களில் பேசியும், பேசத் தயங்குகிறவர்களைப் பேசவைத்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அண்ணே, எங்க பக்கம் ஒரு ஆலை விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வருது. மூணு நிமிஷம்தான் தருவாங்களாம். எதைச் சொல்றது, எதை விடுறது? (எண்ணூர்)

தம்பி, அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எதிர்த்தவர்களின் தலையை எண்ணி முடிவு சொல்ல மாட்டார்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டம் முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும். பேசியவற்றின் சுருக்கத்தைக் கடைசியில் நம்ம மொழியில் விளக்கி வாசிக்க வேண்டும். எழுந்த ஆட்சேபங்களுக்கு ஆலை நிறுவனம் தன் இறுதிச் சுற்றுச்சூழல் அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் பதில் சொல்லாமல் நழுவ முடியாத கேள்வியாகப் போடுங்கள்.

“எங்க வாழ்க்கையே போச்சு” என்றால் கூட்டம் கைதட்டும். குறிப்பெடுப்பவரோ ‘வாழ்வாதாரம் குறித்துக் கவலை தெரிவித்தார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “ஐயா, நான் கொசஸ்தலையாத்துல வலை போடுறவன். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணி நின்ன இடத்துல சாம்பல் படிஞ்சு இப்போ முழங்கால் அளவுதான் இருக்கு. இறால் படுறதில்லை. உங்க அறிக்கையில இந்த இடத்தோட ஆழம் எந்தப் பக்கத்துல இருக்கு? எந்த மாசம் அளந்தீங்க? இந்தக் கேள்வியைப் பதிவு பண்ணுங்க.” ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். குப்பத்தில் படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துவிடுங்கள். பிறகு மீன், மூச்சு, குடிதண்ணீர், வேலை என்று ஆளுக்கொரு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சுருக்கம் வாசிக்கும்வரை யாரும் கலையக் கூடாது. நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். நம்ம ஆட்கள் கோபத்தில் பாதியில் வெளிநடப்புச் செய்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் சுருக்கம் தயாராகும்போது நாம் அங்கே இல்லாமல் போகிறோமே என்று எனக்கு மனசு ஆறுவதில்லை.

குப்பை எரிஉலை பத்தின கூட்டத்துல பேச எழுந்தாலே அழுகை வந்துடுது. “உணர்ச்சிவசப்படாதீங்கம்மா”ன்னு உட்கார வெச்சிடறாங்க. (கொடுங்கையூர்)

அக்கா, தாராளமாக அழலாம். குப்பைமேட்டுப் புகையில் பிள்ளை வளர்த்தவருக்கு அழுகை வராமல் எப்படி இருக்கும்? கோரிக்கையை மட்டும் முதல் வாக்கியத்திலேயே வைத்துவிடுங்கள்: “எரிஉலை வேண்டாம், குப்பையை அந்தந்த வார்டிலேயே பிரிச்சுக் கையாளணும்.” அதற்கப்புறம் குரல் உடைந்தாலும் சொல்ல வேண்டியது சபையில் விழுந்துவிட்டது. எழுதிய தாளோடு பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரைக் கூடவே நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவர் படிப்பார்.

நான் பேசுற மெட்ராஸ் தமிழைக் கேட்டா சிரிப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு. (வியாசர்பாடி)

கூச்சமே வேண்டாம். 1918-ல் பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்னாடிக்) துணி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, தலைவர் வாடியா பேசியது ஆங்கிலம். அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. திரு.வி.க. தமிழிலேயே தொழிலாளர்களிடம் பேசினார். ஆனாலும் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது போன்ற குறைகளை முதலில் சொன்னவர்கள் தறியில் நின்றவர்கள்தான். நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். கையில் கொடுக்கிற மனுவை மட்டும் நல்ல எழுத்துத் தமிழில் எழுதிக்கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நெடியை எப்படி நிரூபிக்கிறது? (பெரியகுப்பம்)

2023 டிசம்பர் 26 நள்ளிரவு அமோனியா கசிந்தபோது உங்கள் ஊரே தெருவுக்கு ஓடிவந்தது. அந்த மாதிரி பெரிய இரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். சின்னச் சின்ன நெடிகள்தான் மறந்துபோகும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, எந்தப் பக்கக் காற்று, யாருக்கு மூச்சுத்திணறல் என்று நெடி அடிக்கிற அன்றைக்கே எழுதுங்கள். மருத்துவமனைச் சீட்டை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். “எப்பவும் நாறுது” என்பதற்கு அதிகாரி தலையாட்டுவார். அந்த நோட்டை விரித்து நாலு தேதி வாசித்தால் பேனாவை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கவுன்சிலர்கிட்ட எத்தனை தடவை கத்தினாலும் வேலை நடக்கலை. (கொருக்குப்பேட்டை)

யாருடைய வேலை என்று முதலில் பாருங்கள். கழிவுநீர் அடைப்பு என்றால் குடிநீர் வாரியம். தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சி, எண் 1913. பட்டா, வீட்டுமனை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். கவுன்சிலரிடம், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் கேளுங்கள்; அது 2022-ல் தொடங்கியது. தெருவில் தனியாகச் சொன்னதை மறந்துவிடலாம், பத்து வீட்டுக்காரர்கள் முன்னால் கொடுத்த வாக்கை மறப்பது கஷ்டம். “எப்போ முடியும்?” என்று தேதி கேட்டு, அதை எல்லோர் முன்னாலும் ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

எல்லாம் பேசியாச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. (தண்டையார்பேட்டை)

மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? அதன் எண்ணைக் குறிப்பிட்டு, 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி மூன்றே கேள்வி அனுப்புங்கள்: என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது? என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? அந்தக் கோப்பின் நகல் வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.