பத்தாவது படிக்கும் பையனுக்கு டிஸ்லெக்சியா இருக்குமா? இந்த வயதில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இருக்கலாம். புத்தி இருந்தும் வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் தடுமாறுவதுதான் டிஸ்லெக்சியா. உங்கள் பையனும் வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்லி, பரீட்சைத் தாளில் கோட்டை விடுகிற ரகம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மும்பை சயான் கோலிவாடாவில் கடை வைத்திருக்கும் தகப்பன். 'இதெல்லாம் பணக்கார வீட்டு வியாதி' என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

எழுத்தைத் திருப்பிப் போடுவதுதான் டிஸ்லெக்சியா என்று நினைத்திருந்தேன். ஒன்பதாவது படித்த என் மகன் அப்படி எழுதவில்லை. வாசிக்க வராததை ஒளிக்கத்தான் கற்றிருந்தான். தங்கச்சியைப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லிப் படுத்துக்கொண்டு கேட்பான்; இரண்டு தடவை கேட்டால் போதும், ஒப்பித்துவிடுவான். சோம்பேறி என்று திட்டினேன். வகுப்பில் வாசிக்கும் முறை தன்னிடம் வரும் நேரம் பார்த்து பாத்ரூம் போவானாம். ஒரே பக்கத்தில் 'பிகாஸ்' மூன்று ஸ்பெல்லிங்கில் இருக்கும். கணக்குப் போடத் தெரியும், கேள்வியைத்தான் தப்பாக வாசிப்பான்.

வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், இந்தி, மராத்தி. நாலு மொழியில் பிள்ளை குழம்புகிறான் என்று மாமனார் ஊரிலிருந்தே தீர்ப்பு சொல்லிவிட்டார். நாலையும் அவன் சரளமாகப் பேசுகிறானே என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அப்புறம் டியூஷன். பாதியில் நிறுத்தினோம்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை. கண், காது, புத்திக்கூர்மை எல்லாம் பார்த்துவிட்டு, அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார்கள். பழகிய சொல்லை உருவத்தை வைத்தே சமாளித்து வந்தவன், முதல் வரியிலேயே நின்றுவிட்டான். வளர்ந்த பிள்ளைகளின் சாயம் வெளுப்பது இங்கேதானாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியாவும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ பரீட்சையில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். அதனால் பத்தாவதில் இருக்கும்போதே பரிசோதனைக்கு ஓடுங்கள்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்று பரிசோதனை செய்த அந்தம்மா கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். பாங்க் சலானை இருபது வருஷமாக அவள்தான் நிரப்புகிறாள்.