17ஆம் எண் இருக்கை

அன்புள்ள ஐயா,
ஆர்டரின் நிலையை ஜாவா நிரலில் ஈனமாக (enum: குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) வைத்திருக்கிறேன்: புதியது, அனுப்பியது, ரத்து. அதை வாலடைல் (volatile) என்று அறிவித்த பிறகும் சில ஆர்டர்கள் இரண்டு முறை போய்விடுகின்றன. சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடலாமா, அட்டாமிக்ரெஃபரன்ஸா (AtomicReference)? எது வேகம்?
கா.

அன்புள்ள கா.,

ஈனம் என்று தமிழில் எழுதும்போதெல்லாம் யாரையோ வைவது போலிருக்கிறது. போகட்டும்.

வேகத்தைப் பிறகு கேளுங்கள். ஒரே பொருளை இரண்டு முறை அனுப்பும் நிரல் எத்தனை வேகமாக ஓடி என்ன பயன்? ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று) எழுதியதை மற்றவற்றின் கண்ணுக்குக் காட்டுவதோடு வாலடைலின் வேலை முடிந்தது. ‘புதியதா’ என்று பார்ப்பதற்கும் ‘அனுப்பியது’ என்று எழுதுவதற்கும் நடுவே இன்னொன்று நுழைவதை அது தடுக்காது.

அட்டாமிக்ரெஃபரன்ஸின் கம்பேர்அண்ட்செட் அந்த இரண்டையும் ஒரே செயலாக்கிவிடும்; மாற்றினால் ‘ட்ரூ’, இல்லையென்றால் ‘ஃபால்ஸ்’ என்று பதிலும் சொல்லும். ஈனமும் அதுவும் 2004இல் ஜாவா 5இல் சேர்ந்து வந்தவை. ஜோடிப் பொருத்தமும் உண்டு. மதிப்பு சமமா என்றல்ல, நினைவகத்தில் இருப்பது அதே பொருள்தானா (object) என்றுதான் கம்பேர்அண்ட்செட் பார்க்கும். ஈன மதிப்பு ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் என்பதால் ஏமாறாது. இன்டிஜராக (எண்ணைச் சுமக்கும் பொருளாக) வைத்திருந்தால் 127க்கு மேல் கதை வேறு: ஒரே எண்ணுக்கு வெவ்வேறு பொருள்கள் உருவாகலாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஓர் இளைஞரின் நிரலைப் படித்து எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். கம்பேர்அண்ட்செட்டை அழைத்திருக்கிறார், அது சொன்ன பதிலை எங்குமே வாங்கிக்கொள்ளவில்லை. வாசலில் நின்று ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்குள் நடந்துவிடும் விருந்தாளியைப் போல.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. 2009இல் ஒரு பஸ் நிறுவனத்துக்கு முன்பதிவு எழுதினேன். உங்கள் பிழைதான் எனக்கும். கம்பேர்அண்ட்செட் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வாரம் கோயம்பேட்டில் 17ஆம் எண் இருக்கைக்கு இரண்டு பேர். மடியில் முறுக்கு டின்னோடு ஒரு பாட்டி; எதிரில் கல்லூரிப் பையன். இரண்டு டிக்கெட்டும் என் நிரல் அச்சடித்தவை. நிலை மாறியது ஒரே முறைதான். தோற்ற த்ரெட்டுக்கு ‘ஃபால்ஸ்’ என்று பதில் வந்திருக்கிறது, கேட்க ஆளில்லை. அடுத்த வரியில் டிக்கெட் அச்சாகிவிட்டது. பையன் மதுரை வரை இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்து போனான்.

ஆகவே அப்பா, ஒரு இஃப் எழுதுங்கள். ‘ட்ரூ’ வாங்கிய த்ரெட் மட்டும் அனுப்பட்டும். சிங்க்ரனைஸ்டா? நிலையோடு வேறொரு புலமும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் போடுங்கள். இரண்டு சர்வர்களில் ஓடுகிறதென்றால் இவை எதுவும் உதவாது. டேட்டாபேஸில், ‘நிலை இன்னும் புதியது என்றால் மட்டும்’ என்ற நிபந்தனையோடு அப்டேட் செய்ய வேண்டும். எத்தனை வரிசை மாறியது என்று அதுவும் பதில் சொல்லும். 0 என்று வந்தால் பார்சலைத் தொடாதீர்கள்.