ஊர் வரலாறும் வகுப்பறையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்துக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பாடநூலில் பல்லவர்கள் வருகிறார்கள். எங்கள் வட்டாரம் வருவதில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஊர் வரலாற்றைச் சொல்ல நம்பகமான சான்றுகளை எங்கே தேடுவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பல்லவர்களையும் உங்கள் வட்டாரத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கல்லில் இருக்கின்றன. செங்கம் பகுதி நடுகற்களின் (போரில் மாண்டவர் நினைவாக நட்ட கற்களின்) வாசகங்களை மாநிலத் தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் பாடத்துக்கு எடுத்தனூர்க் கல்லைப் பரிந்துரைப்பேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. அவனருகே அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. ‘கோவிவன்’ என்ற அந்த நாய் இரு திருடரைக் கடித்துக் காத்து நின்றதை எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். மாடு கவரத் திருடர்கள் ஏன் வந்தார்கள், எருமைக்காக இறந்தவனின் கல்லில் அரசன் பெயர் ஏன் முதலில் வருகிறது என்று மாணவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அக்கேள்விகளுக்காக ஒரு பாடவேளை முழுவதையும் ஒதுக்கலாம்.

உங்கள் பகுதியில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்ற தெய்வமாக வழிபடப்படுகின்றன. ஆகவே ஊராரின் இசைவைப் பெற்ற பிறகே மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். கல்லைச் சுரண்டவோ எழுத்தின்மேல் வண்ணம் பூசவோ அனுமதிக்காதீர்கள். எழுத்துத் தெரியக் காலைநேரத்துச் சாய்வெயிலே போதும்.

பிற்கால வரலாற்றுக்கு ஆங்கிலேயர் கால மாவட்ட விவரச்சுவடிகள் (கெசட்டியர்) உண்டு. அன்று செங்கம் அடங்கிய திருவண்ணாமலை வட்டம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்ததால், 1906-இல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிஸின் தென்னார்க்காட்டுத் தொகுதியையே நீங்கள் பார்க்க வேண்டும். பஞ்சம், பாசனம், வரி பற்றிய செய்திகளுக்கு அது பயன்படும். சாதிகளைப் பற்றிய அதன் வருணனைகள் ஆட்சியாளரின் பார்வையில் எழுதப்பட்டவை என்பதால், அவற்றை அப்படியே மாணவர் கையில் கொடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஏரி, புறம்போக்கு, நில வகைப்பாடு ஆகியவற்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பாருங்கள். பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். மாணவர்கள் பதிவாகாத கல் எதையேனும் கண்டால், இடத்தையும் அளவையும் குறித்து, ஒளிப்படத்துடன் தொல்லியல் துறைக்கு எழுதச் சொல்லுங்கள். கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.