செரோக்கி திருவிழாவில் முதலில் பார்க்க வேண்டியது கூடைகளைத்தான்

அக்டோபரில் ஸ்மோக்கி மலைப் பக்கம் சுற்றுலா போகிறோம், அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் திருவிழாவில் வீட்டுப் பலகாரம், கைவினைப் பொருள் எல்லாம் போட்டிக்கு வைக்கிறார்களாமே, வெளியாட்களுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வட கரோலினாவில்தான் இருக்கிறேன். என்னைக் கேட்டால், ராட்டினத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கண்காட்சிக் கூடத்துக்குள் போங்கள்.

1914-ல் தொடங்கிய விழா இது. 1838-ல் அமெரிக்க ராணுவம் செரோக்கிகளை மேற்கே ஓக்லஹோமாப் பக்கம் விரட்டியபோது, மலையை விட்டுப் போகாமல் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள்தான் இங்கிருக்கும் கிழக்குச் செரோக்கிகள். விழா தொடங்கிய காலத்தில் பழங்குடிப் பகுதிகளில் இப்படிப்பட்ட விழாக்களை அரசு ஊக்குவித்ததே அவர்களை வெள்ளைக்காரர் பாணி விவசாயத்துக்குப் பழக்கத்தான். பூசணிக்காய்க்குப் பரிசு கொடுக்கப்போய், கூடைக்கும் ஒரு மேடை கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

கூடத்தில் ஜாம், ஊறுகாய் ஜாடிகள், ஒட்டுத்துணிப் போர்வைகள் எல்லாம் இருக்கும். அவை அமெரிக்காவில் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கிற காட்சிதான். பரிசு ரிப்பன் குத்திய ஜாடியை வேகமாகக் கடந்துவிட்டுக் கூடைகளிடம் வாருங்கள்.

ரிவர்கேன் என்பது ஆற்றோரம் வளரும் மூங்கில் வகை. அதைப் பிளந்து, மேல்தோலை உரித்துப் பிளாச்சு எடுத்து, வால்நட் வேரில் பழுப்பும் பிளட்ரூட் கிழங்கில் ஆரஞ்சும் ஏற்றி முடைகிறார்கள். இரட்டைப் பின்னல் கூடை கிடைத்தால் நின்று பாருங்கள். உள்கூடையை அடியிலிருந்து மேலே முடைந்து, விளிம்பில் பிளாச்சுகளை மடக்கி, வெளிப்பக்கமாகக் கீழே இறங்கி அடியில் முடிப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடைகள், ஆனால் இணைப்பே தெரியாது. ஒரு கட்டத்தில் இந்த வித்தை ஏறக்குறைய வழக்கொழிந்து போயிருந்தது. லாட்டி ஸ்டாம்பர் என்ற பெண்மணி, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கூடை ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்தே பின்னலைக் கண்டுபிடித்து, ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போதைய தலைவலி வேறு: ரிவர்கேன் புதர்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டதால் நல்ல தண்டு கிடைப்பதே பெரும்பாடு.

சாப்பாட்டில் நான் சிபாரிசு செய்வது பீன் பிரெட். பெயர்தான் பிரெட், செய்முறை நம் இலைக்கொழுக்கட்டைக்குத்தான் கிட்ட வரும். மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அலசி இடித்து, வெந்த பீன்ஸை அதன் சூடான தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து, சோளத் தோகையில் கட்டிக் கொதிக்கும் நீரில் போடுகிறார்கள். மாவில் உப்புப் போடக் கூடாது, போட்டால் உதிர்ந்துவிடும் என்பது பழைய கைப்பக்குவம். அதனால் முதல் வாய்க்குச் சப்பென்றுதான் இருக்கும். பன்றிக்கொழுப்போடு சாப்பிடுவது அவர்கள் வழக்கம்; அது ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறுமனே சாப்பிடலாம், பழகிவிடும். செஸ்ட்நட் போட்டும் இதே போல ஒன்று உண்டு. ஆனால் போன நூற்றாண்டில் ஒரு பூஞ்சை நோய் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களைக் கூண்டோடு அழித்துவிட்டது. இப்போது வேறு வகைக் கொட்டையை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

போட்டிக்கு வைத்த கூடை பிடித்துப்போய் விலை கேட்கத் தோன்றும். அதைவிட, ஊருக்குள்ளேயே 1946-ல் தொடங்கிய குவாலா கைவினைஞர் கூட்டுறவுக் கடைக்குப் போங்கள். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், வேலை அப்படி. சாலையோரக் கடைகளில் மலிவாகத் தொங்கும் 'செவ்விந்திய' இறகுத் தொப்பியை மட்டும் வாங்காதீர்கள். செரோக்கிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், அது இலை நிறம் மாறும் காலம். மலை முழுக்கக் கூட்டமாக இருக்கும். விழாத் தேதியைப் பார்த்துக்கொண்டு அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.