சிவப்புப் பட்டியலும் பூண்டு ரசமும்

மதிப்பிற்குரிய அம்மா,

ஓராண்டாகச் சாப்பிட்டவுடன் வயிறு உப்பி அவதிப்படுகிறேன். இணையத்தில் பதிவுசெய்து எடுத்த ‘ஐஜிஜி’ இரத்தப் பரிசோதனையில் பால், கோதுமை, முட்டை, தேங்காய் உட்பட 38 உணவுகளை ஒவ்வாதவை எனச் சிவப்பில் குறித்திருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். எடை ஆறு கிலோ குறைந்ததே தவிர உப்புசம் தீரவில்லை. இனி எதை நம்பிச் சாப்பிடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். ஓர் உணவை அடிக்கடி உண்டாலே அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்படும். அதை வைத்து ஒவ்வாத உணவைக் கண்டறிய இயலாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008இலேயே அறிவித்துவிட்டது. உங்கள் அன்றாட உணவுகளே சிவப்பில் வந்ததில் வியப்பில்லை.

எடை குறைந்திருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. தாமதிக்காமல் குடல் மருத்துவரைப் பாருங்கள். கோதுமையை நிறுத்தி எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, கோதுமை உண்டுவருபவருக்கே நம்பகமான முடிவைத் தரும்.

இதே உப்புசத்தால் அவதிப்பட்ட எனக்கு வழிகாட்டியது மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஃபாட்மேப் முறை. குடலில் உறிஞ்சப்படாமல் நொதித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளை இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கி, பிறகு மற்ற உணவுகளை மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மூன்று நாள் அளவைக் கூட்டியபடி உண்டு, குறித்துவைத்து, இரண்டு மூன்று நாள் இடைவெளிவிட்டு அடுத்ததைச் சோதிக்க வேண்டும். பலரும் விலக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். நானும் எட்டு மாதம் அப்படித்தான் அஞ்சி வாழ்ந்தேன். உறவினர் வீட்டு விருந்துகளுக்குக்கூடப் போகவில்லை.

திரும்பச் சேர்த்தபோதுதான் பால் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்றும் வெங்காயமும் பூண்டுமே ஒத்துக்கொள்ளவில்லை என்றும் தெரிந்தது. ரசத்தில் தட்டிப்போட்ட பூண்டை ஒதுக்கிவிட்டுக் குடித்தும் வயிறு உப்பியது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது: பூண்டிலுள்ள ஃபிரக்டான் என்னும் அத்தகைய சர்க்கரை நீரில் கரைந்து ரசம் முழுவதும் பரவிவிடுகிறது. எண்ணெயில் அது கரையாது. ஆகவே பூண்டை முழுப் பற்களாக நல்லெண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கிறேன், மணத்தை இழக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உதடு வீக்கம், தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றை எப்போதேனும் உண்டாக்கிய உணவை வீட்டில் சோதிக்கவே கூடாது. அதை மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். முட்டையில் மேற்சொன்ன சர்க்கரைகள் எதுவும் இல்லை. அதனால் உங்களுக்கு அத்தகைய தொல்லை வந்ததில்லை என்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முட்டையிலிருந்தே தொடங்குங்கள்.