அப்பாவின் சதையியில் நீர்க்கட்டி: வெட்டுவதா, பார்த்திருப்பதா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு 64 வயது, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப்போன ஸ்கானில் சதையியில் (கணையத்தில்) 24 மில்லிமீற்றர் நீர்க்கட்டி தெரிந்திருக்கிறது. ஒரு வைத்தியர் வெட்டி எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். இது புற்றுநோயாகுமா என்று வெட்ட முன்னர் தெரிந்துகொள்ள முடியாதா?

நூற்றுக்கு நூறு தெரியாது. வெட்டியெடுத்த கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் அது முடிவாகும். ஆனால் ஆபத்து கூடவா குறைவா என்று பெரும்பாலும் முன்கூட்டியே பிரிக்கலாம், அதற்கு 24 என்ற அந்த ஒரு எண் போதாது.

முதலில் இது என்ன கட்டி? சதையி அழற்சிக்குப் பிறகு வருகிற போலிக் கட்டி புற்றுநோயாவதில்லை. சளி மாதிரியான திரவம் சுரக்கிற கட்டிகள்தான் கவனிக்க வேண்டியவை, அதிலும் சதையி நீர் ஓடுகிற கிளைக் குழாயில் வருவதைவிடப் பிரதான குழாயில் வருவது மிக ஆபத்தானது. அதனால் ரிப்போட்டில் நான் முதலில் தேடுவது பிரதான குழாயின் அகலத்தை. 5 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் ஆறுதல், 5 முதல் 9 வரை என்றால் மேலும் ஆராய வேண்டும், 10 அல்லது அதற்கு மேல் என்றால் சத்திரசிகிச்சை பற்றித் தள்ளிப்போடாமல் பேச வேண்டும்.

அடுத்தது, கட்டியின் உட்சுவரில் முடிச்சு இருக்கிறதா என்பது. உள்ளே திரண்டு கிடக்கும் சளியும் ஸ்கானில் முடிச்சு மாதிரியே தெரியும், ஆனால் அதற்கு ரத்த ஓட்டம் இல்லை, ஊசி வழியாக ஏற்றும் சாயத்தை அது பிடிக்காது. சாயம் பிடிக்கிற முடிச்சு 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் அது பெரிய எச்சரிக்கை. சாயம் ஏற்றாமல் எடுத்த படத்தை வைத்து யாரும் முடிவு சொல்ல வேண்டாம் என்பேன்.

வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுக்கிற ஸ்கானில் ஊசியால் திரவம் எடுப்பார்கள். அதில் சி.ஈ.ஏ. என்ற புரதத்தின் அளவு 192ஐத் தாண்டிவிட்டது என்று அழுதுகொண்டு வருகிற குடும்பங்கள் உண்டு. அந்த எண் சளிக் கட்டி என்பதைத்தான் காட்டுகிறது, புற்றுநோய் என்பதை அல்ல. மறுபக்கம், திரவத்தில் புற்றுக் கலங்கள் இல்லை என்ற ரிப்போட்டையும் முழுதாக நம்பி இருந்துவிடாதீர்கள், பல தடவை போதிய கலங்கள் ஊசியில் வருவதே இல்லை. ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9 என்ற புற்றுநோய்க் குறியீடு பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் ஏறும், உங்கள் அப்பாவின் விடயத்தில் இதை மறக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்ப்பது ஏன் என்றால், சத்திரசிகிச்சை சின்ன விடயமில்லை. கட்டி சதையியின் தலைப்பகுதியில் இருந்தால் முன்சிறுகுடலையும் பித்தப்பையையும் சேர்த்து எடுக்க நேரும், கைதேர்ந்த இடங்களிலும் உயிராபத்து உண்டு, அப்புறம் சீனி வருத்தமும் வரலாம்.

குழாய் விரியவில்லை, முடிச்சில்லை, வேறு எச்சரிக்கை அறிகுறியும் இல்லை என்றால் நான் இரண்டாவது வைத்தியரின் பக்கம். இவ்வகைச் சளிக் கட்டிகளுக்காக 2024இல் வந்த கியோட்டோ என்ற சர்வதேச வழிகாட்டல்படி 20 முதல் 30 மில்லிமீற்றர் வரையான கட்டிக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை, பிறகு வருடம் ஒருதரம் ஸ்கான். வருடத்துக்கு 2.5 மில்லிமீற்றரோ கூடவோ வளர்ந்தாலும், புதிதாகச் சீனி வருத்தம் வந்தாலும் திரும்ப யோசிக்க வேண்டும். கண் மஞ்சளானால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

கொழும்பில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் ஸ்கான் எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த விடயத்தில் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே வகை ஸ்கானாக எடுங்கள், ரிப்போட் தாளோடு படங்கள் உள்ள சீடியையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் வளர்ச்சியா, அளந்த விதமா என்று பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.