கசெற்றில் இருந்த குரல்

கேள்வி: எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் டெக்கில் உதைபந்தாட்டத் தொகுப்புக் கசெற்றுகளைப் போட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆங்கில வர்ணனைகள் இன்னும் மனப்பாடம். என் மகனோ போனில் அரை நிமிடத் துண்டுகளைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பெரிய ரசிகன் என்கிறான். அதில் வர்ணனை கிடையாது, பின்னால் ஏதோ பாட்டு ஓடுகிறது. அந்தக் காலத்துக் குரல்கள் போனதோடு ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் ரசிகனும் போய்விட்டான் என்கிறேன். நண்பர்கள் இதை வயதுபோன ஏக்கம் என்கிறார்கள். நீங்கள் யார் பக்கம்?

வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: யார் பக்கமும் முழுதாக நிற்கமாட்டேன். உங்கள் ஏக்கம் நியாயமானது. அதை வைத்து மகனுக்கு நீங்கள் எழுதிய தீர்ப்புத்தான் பிழை.

பிழையை முதலில் பேசிவிடுவோம். நீங்களும் துண்டு பார்த்து வளர்ந்தவர்தான். 90 நிமிட ஆட்டம் உங்கள் கசெற்றில் ஐந்தாறு நிமிடமாகத்தான் வந்தது. பந்து நடுமைதானத்தில் சும்மா உருண்ட நேரம், ஒருவர் விழுந்து கிடக்க மற்றவர்கள் தண்ணீர் குடித்த நேரம், எல்லாவற்றையும் தொகுத்தவர் வெட்டி எறிந்துவிட்டார். வர்ணனையாளர் பெயர் மாறிச் சொன்ன இடமும், சொல்ல ஒன்றும் இல்லாமல் இழுத்த இடமும் அதோடு சேர்ந்து போயின. பிபிசியின் வாராந்தத் தொகுப்பு நிகழ்ச்சி 1964 ஓகஸ்ட் 22ஆம் திகதி லிவர்பூல் - ஆர்சனல் ஆட்டத்தோடு தொடங்கியது. அன்றிலிருந்து தொகுப்பு என்றாலே வெட்டுத்தான். ஆக, உங்கள் காதில் இருப்பது சில மனிதர்கள் வாழ்நாள் முழுக்கப் பேசியதில் மிகச் சிறந்த சில விநாடிகள். நேற்றிரவு ஒரு முழு ஆட்டத்துக்கும் பேசியவரை அதோடு தராசில் வைத்தால் அவர் தோற்கத்தான் செய்வார்.

குரல்கள் போய்விட்டன என்பதும் சரியில்லை. 2012 மே 13ஆம் திகதி மன்செஸ்டர் சிற்றி கடைசி நிமிடத்தில் கிண்ணத்தைப் பிடித்தபோது, வர்ணனையாளர் மார்ட்டின் டைலர், கோல் அடித்த அகுவேரோவின் பெயரை இழுத்துக் கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு சில விநாடிகள் கூட்டம்தான் பேசியது. 2018 ஏப்ரல் 10ஆம் திகதி ரோமா அணி பார்சிலோனாவை 3-0 என்று வீழ்த்தி வெளியே அனுப்பியபோது, ரோமா தன் இடிபாடுகளிலிருந்து எழுந்துவிட்டது என்று பீட்டர் ட்ரூரி சொன்னதைக் கேட்டுப் பாருங்கள். இதெல்லாம் உங்கள் மகன் பிறந்த பிறகு வந்த குரல்களாகத்தான் இருக்கும். அவனுக்கு அவை போய்ச் சேராததற்கு ஒரே காரணம், துண்டை வெட்டிப் போடுகிறவர் குரலை அழித்துவிட்டுப் பாட்டை ஏற்றுகிறார். கோபப்பட வேண்டிய இடம் அது. அந்தக் கோபத்தில் நான் உங்களோடு நிற்கிறேன்.

ஏனென்றால் அந்தக் குரல் அலங்காரத்துக்கு இருந்ததில்லை. 1927 ஜனவரி 22ஆம் திகதி பிபிசி வானொலி முதல்முறையாக ஓர் உதைபந்தாட்டத்தை நேர்முகமாக வர்ணித்தது. லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் ஆடிய ஆட்டம் அது. மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, வானொலிப் பத்திரிகையில் படமாக அச்சிட்டிருந்தார்கள். ரெடி வேக்லம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் கட்டத்தின் இலக்கத்தைச் சொன்னார். கேட்பவர் வீட்டில் இருந்தபடி பத்திரிகையில் விரலை வைத்துப் பந்தோடு கூடவே போனார். வர்ணனை பிறந்ததே இந்த வேலைக்குத்தான்: பந்து எங்கே நிற்கிறது என்று மைதானத்தில் இல்லாதவனுக்குச் சொல்வது.

ரி.வி. வந்து படமும் தெரியத் தொடங்கிய பிறகு அந்த வேலை இன்னும் கடினமானது. பார்ப்பவனுக்குத் தெரிவதையே திருப்பிச் சொல்லி என்ன பயன்? 1966 ஜூலை 30, வெம்பிளி, உலகக் கிண்ண இறுதியாட்டம். மேலதிக நேரத்தின் கடைசி விநாடிகள், இங்கிலாந்து 3-2 என்று முன்னுக்கு நிற்கிறது. சிலர் மைதானத்துக்குள் ஓடி வருகிறார்கள். கென்னத் வொல்ஸ்டன்ஹோம் தன் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்: ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதே மூச்சில் இங்கிலாந்தின் ஹேர்ஸ்ற் அடித்த பந்து வலைக்குள் போகிறது. ‘இப்போது முடிந்துவிட்டது’ என்றார். அறுபது வருடமாக இங்கிலாந்தில் குழந்தைகூடச் சொல்லும் வசனம். அதில் ஓர் உவமை கிடையாது, ஓர் அடைமொழி கிடையாது. முதல் பாதியைச் சொல்லும்போது இரண்டாம் பாதி அவருக்கே தெரியாது.

1989 மே 26ஆம் திகதி அன்ஃபீல்டில் நடந்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். லிவர்பூலை அவர்கள் வீட்டிலேயே இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் ஆர்சனலுக்குச் சம்பியன் பட்டம். 90 நிமிடம் முடிந்தும் 1-0. ஆர்சனலின் மைக்கல் தோமஸ் பந்தோடு தனியே உள்ளே ஓடுகிறார். வர்ணனையாளர் பிரையன் மூர் ‘இப்போது யார் கைக்கும் போகலாம்’ என்று கத்தியது தோமஸ் பந்தை அடிப்பதற்கு முன்னால். கோலுக்குப் பிறகு கத்த யாராலும் முடியும். அடுத்த ஒரு விநாடியில் ஒரு வருட உழைப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயப்போகிறது என்பதை முன்கூட்டிக் கண்டு சொல்ல, அந்த மனிதர் அன்றைய ஆட்டம் முழுவதையும் இருந்து பார்த்திருக்க வேண்டும். உங்கள் கசெற்றில் ஆட்டம் வெட்டுப்பட்டிருந்தது. குரலுக்குள் மட்டும் முழு ஆட்டமும் இருந்தது. பாட்டை ஏற்றுகிறவர் அழிப்பது அதைத்தான்.

1986 ஜூன் 22ஆம் திகதி உலகக் கிண்ணத்தில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராக அடித்த இரண்டாவது கோலை எடுத்துக்கொள்ளுங்கள். உருகுவேயில் பிறந்த விக்டர் ஊகோ மொராலெஸ் ஆர்ஜென்டினா வானொலியில் அழுதுகொண்டே, ‘அண்டவெளிப் பட்டமே, நீ எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய்?’ என்று கேட்டார். உலகம் முழுக்கத் தெரிந்த வர்ணனை. ஆனால் அதே கோலை பிபிசி வானொலியில் பிரையொன் பட்லர், தோற்றுக்கொண்டிருந்த நாட்டிலிருந்து வந்தவர், எப்படிச் சொன்னார் தெரியுமா? மரடோனா சின்ன விலாங்கைப் போலத் திரும்புகிறார் என்றார். தம்பலகாமக் குடாவில் வலை இழுத்த எவருக்கும் அந்த ஒரு சொல் போதும். கையில் பிடித்தாயிற்று என்று நினைத்த கணத்தில் விலாங்கு உடம்பை முறுக்கிக்கொண்டு விரலிடுக்கால் போய்விடும். அன்று இங்கிலாந்து வீரர்களுக்கு நடந்தது அதுவேதான்.

அப்புறம், இந்தக் குரல்கள் திருகோணமலையில் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தன என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. லண்டனில் இருந்தவனுக்குத் தொகுப்பு என்பது ஏற்கனவே பார்த்த ஆட்டத்தின் நினைவு. எங்களுக்குத் தொகுப்புத்தான் ஆட்டமே. 1990 ஜூன் 8ஆம் திகதி உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் கமரூன் 1-0 என்று ஆர்ஜென்டினாவைச் சாய்த்தது. மூன்றாம் நாள் கிழக்கில் மறுபடி போர் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்களில் யார் ரி.வி. முன்னால் இருந்தோம்? ஜூலை 8ஆம் திகதி பிரெமேயின் தண்ட உதையில் மேற்கு ஜேர்மனி கிண்ணத்தை வென்ற இரவில் நாங்கள் வீட்டை விட்டு வந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்தோம். அந்த உலகக் கிண்ணத்தை நான் பார்த்தது சில வருடம் கழித்து, வாடகைக்கு எடுத்த டெக்கில், நாடா தேய்ந்த கசெற்றில். படம் நடுநடுவே கோடு கோடாக ஓடியது. குரல் மட்டும் தெளிவாக வந்தது. ஒரு கோலைக் குரலால்தான் பார்த்தேன். எங்கள் வயதுக்காரர் பலருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். இதை யாராவது கிழட்டு ஏக்கம் என்றால் நான் ஏற்கமாட்டேன்.

சரி, அந்தக் கசெற்றுகள் எங்களுக்குக் கெடுதலும் செய்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். கோலை மட்டுமே பார்த்து வளர்ந்த எங்களுக்குப் பின்கள வீரர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. ஒழுங்கையில் ஆடினால் எல்லாரும் முன்னுக்கு நிற்போம். பந்தோடு ஓடும்போதே வாயால் தங்களுக்குத் தாங்களே வர்ணனை சொல்லிக்கொண்டு ஓடுகிற பொடியன்கள் இருந்தார்கள், நானும் ஒருவன். பொருள் தெரியாத ஆங்கிலம், மூச்சு வாங்க வாங்க, கடைசியில் சொந்தப் பெயர். பந்து பறிபோனால் திரும்பி ஓடிவர எவனுக்கும் மனம் வராது, ஏனென்றால் திரும்பி ஓடிவந்தவனைப் பற்றி எந்தக் கசெற்றிலும் யாரும் கத்தியதில்லை. இன்றைக்கும் மாவட்டச் சுற்றுப்போட்டிகளில் இரண்டாவது கோலை வாங்கிய பிறகு எங்கள் அணிகள் கலைந்து நிற்பதைப் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில் எங்கள் தலைமுறைக்கும் பங்கு உண்டு. மகனைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதில் இல்லாத ஒன்றுதான் என்னை உறுத்தியது. அத்தனை ஆங்கிலக் குரல்களை நினைவு வைத்திருக்கிற நீங்கள், ஊர் மைதானத்தில் ஒலிபெருக்கியில் கேட்ட தமிழ் வர்ணனையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. ஏகாம்பரம் மைதானத்தில் ஓர் இறுதியாட்டம் என்றால் நாலு மணிக்கே ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிடும். எனக்கு நினைவில் நிற்பவர் ஓர் ஆசிரியர். கடற்கரையோரத்து மணல் மைதானம் ஒன்றில் அவர் வர்ணித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடற்காற்று இரையும் என்று ஒலிவாங்கியில் லேஞ்சியைச் சுற்றி, ஒரு கையால் அதைப் பொத்திப் பிடித்திருப்பார். மறு கையில் இரண்டு அணிகளின் பெயர்ப்பட்டியல், வியர்வையில் மை கரைந்து போயிருக்கும். வீரரின் பெயரோடு சேர்த்து அவர் எந்தக் குறிச்சி, தகப்பன் எந்தக் கழகத்துக்கு ஆடியவர் என்றும் சொல்வார். கோல் கம்பங்களுக்கு இலக்கம் கிடையாது. ‘கடல் பக்கத்துக் கோல்’, ‘கோயில் பக்கத்துக் கோல்’ என்பார். 1927இல் லண்டனில் கட்டம் போட்டு அச்சடித்தார்களே, அதே வேலையை இவர் ஊரை வைத்தே செய்தார். மதிலுக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் இருப்பவருக்கும் பந்து எங்கே என்று தெரியும்.

ஒருமுறை ஒரு பின்கள வீரர் கோல் கோட்டில் விழுந்து தலையால் பந்தைத் தடுத்தார். கூட்டம் கைதட்ட மறந்து நின்றது. இவர் ஒலிவாங்கியில், ‘தட்டுங்கள் ஐயா, இதுவும் ஒரு கோல்தான்’ என்றார். அதற்குப் பிறகு மைதானமே எழும்பியது. எந்த வெளிநாட்டுக் கசெற்றும் எனக்குச் சொல்லித்தராத பாடத்தை அன்று அந்த மனிதர் சொல்லித்தந்தார். அவருடைய குரலில் ஒரு நிமிடம்கூட இன்று எங்கும் இல்லை. சிற்றலையில் உலகத்துக்கே குரல் அனுப்பிய ஊர் இது. டொச்சே வெல்லே என்ற ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் எத்தனையோ வருடம் இந்த மண்ணில்தான் நின்றது. எங்கள் மைதானத்துக் குரலை ஒரு நாடாவில் பிடித்துவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு கேட்கிறேன். அடுத்த சுற்றுப்போட்டிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பந்தலுக்குள் போகாமல் ஒலிபெருக்கிக்குக் கீழே நில்லுங்கள். அவன் போனிலேயே ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை பதியட்டும், ஒன்றையும் வெட்டாமல், பாட்டு ஒன்றும் போடாமல். அறிவிப்பாளர் சோர்ந்து போகிற இடமும் அதில் இருக்கட்டும்.

மற்றது, எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ கலியாண வீட்டு வீடியோ எடுப்பவரைக் கொண்டு தங்கள் இறுதியாட்டத்தைப் படம் பிடித்த கழகங்கள் இங்கே இருந்தன. கிண்ணியாவிலும் மூதூரிலும்கூட அப்படி இருந்திருக்கலாம். அவற்றில் ஒரு கசெற்றாவது யாருடையாவது அலுமாரியில் கிடக்கும். உங்களிடமோ உங்கள் நண்பர்களிடமோ இருந்தால் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. நாடா ஒட்டியிருந்தால் பிரித்துச் சுற்றித் தரத் தெரிந்த ஒருவர் எங்கள் அச்சகத்திலேயே வேலை செய்கிறார்.